ஐந்தாம் அத்தியாயம்: உதிர்ந்ததும் மிஞ்சியதும்

அறுவடை முடிந்த புஞ்சையில் கிடக்கும் கதிரையும் காயையும் சேகரித்துப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று சொல்லத் தொடங்குமுன், அப்படிக் கிடப்பது யாருக்கு உரியது என்னும் கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனென்றால், தொண்டு செய்யப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேளாமலேயே சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவன்தான்.

ஒரு தை மாதத்து விடியற்காலையில், அருப்புக்கோட்டைக்கு வடக்கே ஒரு செவற்காட்டில், கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு தப்புக்கடலை பொறுக்க இறங்கினேன். கடலைச் செடியைப் பிடுங்கி ஆய்ந்து முடித்த பிறகும் காம்பறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும் காய்களுக்குத் தப்புக்கடலை என்று பெயர். களைக்கொத்தினால் பொறுமையாகக் கிளறுகிறவர்களுக்கு அரை நாளில் ஒரு நார்ப்பெட்டி தேறும். நாங்கள் இறங்கிச் சிறிது நேரத்துக்கெல்லாம், இடுப்பில் பெட்டியும் கையில் களைக்கொத்துமாக நான்கைந்து பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள். எங்களைக் கண்டதும் உள்ளே இறங்கவில்லை. அவர்களுள் மூத்தவள் மட்டும், கோபமோ கெஞ்சுதலோ இல்லாத ஒரு குரலில், “தம்பி, நீங்களும் வந்து பெறக்கிட்டீகன்னா நாங்க எந்தக் காட்டுக்குப் போக?” என்று கேட்டாள். காட்டுக்காரரிடம் முறைப்படி அநுமதி வாங்கித்தான் நாங்கள் வந்திருந்தோம்; ஆயினும், அநுமதி கொடுத்த அவருக்கும் வாங்கிய எங்களுக்கும், அந்தக் காட்டில் மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு என்பது தோன்றவே இல்லை. பொறுக்கியிருந்ததை அவர்கள் பெட்டியிலேயே கொட்டிவிட்டுத் திரும்பினோம்.

ஆகவே இந்நூலில் நான் இரண்டு சொற்களை இரண்டு பொருளில் வழங்குகிறேன். அறுவடையில் தவறிக் கீழே விழுந்தது ‘உதிர்ந்தது’. விலை இல்லாமையாலோ கூலி கட்டாமையாலோ விவசாயி அறுக்காமல், பறிக்காமல் விட்டது ‘மிஞ்சியது’. உதிர்ந்தது பொறுக்குகிறவளுக்கு உரியது. தொண்டர்கள் மிஞ்சியதை மட்டுமே நாடிப் போக வேண்டும்.

இந்தப் பாகுபாடு என் கற்பனையன்று. வடமொழியில் சிந்திய தானியத்தை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவதற்கு உஞ்சம் என்றும், கதிரைப் பொறுக்குவதற்குச் சிலம் என்றும் தனித்தனியே பெயர் வைத்திருந்தார்கள். நாம் இப்போது வீதியில் பாடிக்கொண்டு அரிசி வாங்குவதற்கு வழங்கும் உஞ்சவிருத்தி என்ற சொல், ஆதியில் இந்தப் பொறுக்கி வாழும் வாழ்க்கையைக் குறித்ததேயாகும். மகாபாரதத்தின் அசுவமேத பர்வத்தில், தர்மபுத்திரருடைய மகாயாகத்தைப் பார்த்துப் பரிகசித்த பாதிப்பொன் கீரிப்பிள்ளை, அதைவிட உயர்ந்ததென்று சொன்ன தானமும், குருக்ஷேத்திரத்தில் உஞ்சவிருத்தியால் பிழைத்த ஓர் ஏழைக் குடும்பம் அதிதிக்கு இட்ட மாவுதான். விவிலியத்தில் லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரம், வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும் சிந்தினதைத் திரும்பப் பொறுக்காமலும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்று விதிக்கிறது. போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியது அந்த விதியின் பலத்தினால்தான். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-இல் தீட்டிய படத்தில், மூன்று பெண்கள் குனிந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருக்க, பின்னால் தூரத்தில் மலை மலையாகப் போர் குவிந்திருக்கிறது. அந்தப் படத்துக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1788-இல், இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்று, பிறர் நிலத்தில் கதிர் பொறுக்குவதற்குப் பொதுச் சட்டப்படி யாருக்கும் உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்துவிட்டது. நம் கரிசல் சீமையில் அப்படி ஒரு வழக்கு வராமலேயே, கதிர் அறுக்கும் இயந்திரமும் தரிசுகளில் பரவிய சீமைக்கருவேலும் அந்த உரிமையைப் பாதிக்குமேல் தின்றுவிட்டன. எஞ்சியிருப்பதையாவது தொண்டர்கள் தின்னாதிருப்பது நலம்.

பொறுக்குகிற பெண்களைப் போலவே மற்றோர் உரிமையாளரும் உண்டு, அவர் கீதாரி. அறுத்த காட்டில் ஆட்டுக்கிடை அமர்த்துவதற்குக் காட்டுக்காரரோடு முன்கூட்டியே பேசி வைத்திருப்பார். தாளும் தட்டையும் சருகும் அவருடைய ஆடுகளுக்கு, புழுக்கை காட்டுக்கு. கிடை பேசிய காட்டில் நாம் நுழைந்து நிலத்தை வெறுமையாக்கினால், ஆட்டுக்கும் நஷ்டம், அடுத்த வெள்ளாமைக்கும் நஷ்டம்.

இனி, மிஞ்சியது எங்கே கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையை நம்பிப் புரட்டாசியில் விதைக்கும் மானாவாரிக் கரிசலில், சோளமும் கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் பாசிப்பயறும் மல்லியும் பருத்தியும் விளைகின்றன. இவற்றில் மிஞ்சுவது என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தானியம் காத்திருக்கும், விலை இல்லையென்றால் விவசாயி அதைக் குலுக்கையிலோ சாக்கிலோ போட்டுவைத்து விலை வரும்வரை பொறுத்திருப்பார். குதிரைவாலியை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. மண்ணில் சிந்திய சிறுதானியத்தைக் கூட்டி அள்ளினாலோ, தானியத்தைவிடக் கல்லே மிகுதியாக வரும். ஆகையால், மானாவாரிக் காட்டைப் பார்த்து மயங்கிப் போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சாலையில் காயப்போட்டு வண்டிச் சக்கரத்தால் அடிபடவிட்ட உளுந்து சிதறிக் கிடப்பதைப் பார்த்தும் ஆசைப்பட வேண்டாம். டயரின் அழுக்கும் எண்ணெயும் ஏறிய அதைக் குழந்தைகளுக்கு ஆக்கிப் போடுவது தர்மமாகாது.

உண்மையில் மிஞ்சுவதெல்லாம் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில்தான். தக்காளி, கத்தரி, வெண்டை, சீனியவரை, சின்ன வெங்காயம், முருங்கை, மல்லித்தழை முதலியவை எல்லாக் காட்டிலும் ஒரே சமயத்தில் காய்த்துக் குவியும்போது, பறிக்கும் கூலியும் ஏற்றுக்கூலியும் வண்டிச் சத்தமும் கமிஷனும் சேர்ந்து சந்தை விலையை மிஞ்சிவிடுகின்றன. அப்போது பறிக்கிறதே நஷ்டம் என்று கண்ட விவசாயி, பழுத்த தக்காளியைச் செடியிலேயே விட்டு மாட்டை அவிழ்த்து உள்ளே விடுகிறார். அந்த மாட்டுக்கு ஒரு நாள் முன்னதாக நாம் போய்ச் சேர்வதுதான் இந்தத் தொண்டின் சாமர்த்தியம் முழுவதும்.

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் 1967-இல் ஜான் வான் ஹெங்கெல் என்பவர் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கியை உலகின் முதல் உணவு வங்கி என்பார்கள். அதற்குமுன் அவர் ஓர் அன்னசாலையில் தொண்டராக இருந்தபோது, தோட்டங்களில் பறிப்பாரற்றுக் கிடந்த ஆரஞ்சு முதலான பழங்களைச் சேகரித்து அங்கே கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தார். வங்கி என்ற பெயர் பிற்பாடு வந்தது. முதலில் வந்தது மரத்தடிதான். நம் நாட்டில் வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பும், வீட்டுக்கு வீடு உலைக்கு முன் ஒரு பிடி ஒதுக்கும் பிடியரிசி வழக்கமும் இந்த வங்கிக்கு மூத்தவை. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள், கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சமைத்த உணவைப் பிரதானமாகக் கொண்டு இயங்குகின்றன. சமைத்த சாதத்துக்கு ஆயுள் சில மணி நேரம். பறித்த கத்தரிக்காய்க்கு இரண்டு மூன்று நாள். ஆகவே அவர்கள் ஓடுகிற ஓட்டம் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் உள்ள கணக்கும் சுத்தமும் நமக்கும் வேண்டும்.

சேதி அறிவது முதல் காரியம். அருப்புக்கோட்டை உழவர் சந்தையில் காலை விலைப்பலகையைத் தினமும் பார்க்கிற ஒருவர் உங்கள் குழுவில் இருக்கவேண்டும். 1999-இல் மதுரையில் முதலாவது உழவர் சந்தை திறந்தது முதல் இந்தப் பலகைகள் விவசாயிக்கு எவ்வளவு பிரயோஜனமோ, அதற்குக் குறையாமல் நமக்கும் பிரயோஜனம். தக்காளி விலை தொடர்ந்து நான்கு நாள் இறங்கினால், ஐந்தாம் நாள் எங்கேனும் ஒரு தோட்டத்தில் மாடு இறங்கப் போகிறது என்று பொருள். கோவிலாங்குளத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துபோகும் விவசாயிகளிடமும், உரக்கடைத் திண்ணையிலும், குட்டியானை வண்டி ஓட்டுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். சந்தைக்குப் போகிற வண்டிகள் குறைவதை முதலில் அறிகிறவர்கள் அந்த ஓட்டுநர்களே.

அநுமதி கேட்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டா யார் பேரில் இருந்தாலும், வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுது பயிரிடுகிறவர் யாரோ அவரைத்தான் கேட்கவேண்டும். நஷ்டப்பட்டு நிற்கிற மனிதரிடம் போய், “வீணாப் போகுதே, கொடுங்க” என்று சொல்வது அவர் புண்ணில் விரலை வைப்பதாகும். நான் அறிந்தவர்களில் இந்தக் காரியத்தில் கைதேர்ந்த ஒரு பெரியவர், போனவுடனே காயைப் பற்றிப் பேசவே மாட்டார், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பன்றி இறங்குகிறதா என்று விசாரித்துவிட்டு, எழுந்திருக்கும் சமயத்தில்தான், “அண்ணாச்சி, மாட்டுக்குப் போக மிச்சம் இருந்தா நாலு பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து பறிச்சுக்கிடுறோம். கூலியும் நாங்கதான், சாக்கும் நாங்கதான்” என்பார். மறுத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால், ‘பறித்துக்கொள்ளுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தவரின் தோட்டத்தில் இறங்காதீர்கள். வீட்டுக்காரம்மாளின் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை என்பது அந்தத் தலையசைப்பின் அர்த்தமாக இருக்கலாம்.

அதே வேளையில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். மருந்து கடைசியாக எப்போது அடித்தது, எந்த மருந்து என்பது முதலாவது. ஒவ்வொரு மருந்துக்கும் அடித்தபின் காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்பது டப்பாவிலோ அதோடு வரும் தாளிலோ அச்சிட்டிருக்கும். டப்பாவைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். விலை விழுந்தபின் மருந்தடிக்க யாரும் பணம் செலவழிப்பதில்லையாதலால், பெரும்பாலும் நமக்கு இதில் அநுகூலமான பதிலே கிடைக்கும். அடுத்த கேள்வி, பன்றிக்கு மின்வேலி போட்டிருக்கிறதா என்பது. காட்டுப்பன்றிக்குப் பயந்து சட்டவிரோதமாகக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சி வைக்கும் பழக்கம் மனித உயிர்களையும் வாங்கியிருக்கிறது. நாமோ இருட்டுப் பிரியாத நேரத்தில் போகிறவர்கள். எனவே, காட்டுக்காரர் முன்னால் நடக்காமல் எந்தத் தோட்டத்துக்குள்ளும் நுழைவதில்லை என்பதைக் குழுவின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளையும், கொடிக்குள் சுருண்டு கிடக்கும் சுருட்டைவிரியனையும் பற்றி உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டும். மூடிய செருப்பும் கையில் ஒரு கம்பும் கட்டாயம். கடி பட்டால் பச்சிலை வைத்தியம் தேடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

பறிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், அவ்வளவே. தக்காளியில் முழுப்பழத்தையும் செங்காயையும் வேறு வேறு பெட்டியில் போடுங்கள். முழுப்பழம் அன்றைக்கே குழம்பாகட்டும், செங்காய் மூன்று நாள் தாங்கும். சாக்கில் தக்காளியைக் கட்டாதீர்கள். கத்தரியில் புழு துளைத்ததை எறிந்துவிட வேண்டாம். சமைக்கிறவர்கள் சம்மதித்தால் துளைத்த பாகத்தை அரிந்துவிட்டு மீதியைக் கொள்ளலாம். முற்றிய வெண்டை யாருக்கும் உதவாது, செடியிலேயே விடுங்கள். சின்ன வெங்காயத்தை வியாபாரி தரம் பிரிக்கும்போது கழிந்துபோகும் பொடிவெங்காயம்தான் நமக்கு வாய்க்கும். அதைத் தாளோடு இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஒரு வாரத்தில் நாறும். கடலை கிடைத்தால் பூஞ்சணம் பூத்த காயை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியவேண்டும், ஏனென்றால் அதிலுள்ள அஃப்ளாடாக்ஸின் என்னும் விஷம் வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் போவதில்லை. மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை. விதைப்புக்குப் போக மீந்ததென்று யாரேனும் பாக்கெட் விதையைக் கொடுத்தால், அது இளஞ்சிவப்பாகவோ வேறு நிறமாகவோ சாயம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கலந்த விதை அது, கோழிக்கும் ஆகாது.

அதலைக்காயைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. விதைப்பாரும் நடுவாரும் இன்றி, கரிசலுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து மழைக்குத் துளிர்த்துக் கொடியோடி, ஐப்பசி தொடங்கித் தை வரையில் காய்க்கும் இந்தப் பாகற்காயின் தம்பியை, விருதுநகர் மதுரைச் சந்தைகளில் ஆவலோடு வாங்குகிறார்கள். பறித்த காய் மறுநாளே வெடித்துவிடும் என்பதனால் அது நம் சீமையைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் வேலியிலும் பயிருக்கு நடுவிலும் கிடக்கிற காயாயிற்றே, தொண்டர்கள் பறித்தால் என்ன என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். கூடாது. பொழுது விடிய விடியக் காடுகாடாக அலைந்து அதை மடியில் சேர்த்து, கூறுகட்டி விற்று, அன்றைக்கு அரிசி வாங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விலை கொடுத்து வாங்கி விடுதிக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் அதுவே இரட்டைத் தர்மம். கசப்பு என்று குழந்தைகள் மூஞ்சியைச் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சட்ட விஷயம் சிறிது தெரிந்திருப்பது நல்லது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், விளைபொருள் விவசாயியின் கையில் இருக்கும்வரை அதைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவருவதில்லை. அது வேறொருவர் கைக்கு மாறிய கணத்தில்தான் சட்டத்தின் கண்ணில் உணவுப்பொருளாகிறது. அதாவது, வரப்பைத் தாண்டி நீங்கள் சாக்கைத் தூக்கும்போதே பொறுப்பும் உங்கள் தோளில் ஏறிவிடுகிறது. மிஞ்சிய உணவை மீட்டு விநியோகிப்பதற்கென்றே 2019-இல் தனி ஒழுங்குமுறைகளும் வந்திருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து எப்போதோ ஒரு நாள் செய்வது வேறு, பெயர் வைத்து மாதந்தோறும் செய்வது வேறு என்பதால், குழு நிலைபெற்றதும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எந்த நாள், எத்தனை கிலோ, யாரிடம் சேர்ந்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருவதற்குச் சோம்பலாக இருக்கும். ஒரு நாள் ஒரு விடுதியில் யாருக்கேனும் வயிறு கெட்டதென்று பேச்சு வந்தால், அந்த நோட்டு ஒன்றே உங்களுக்கு வக்கீல்.

கொடுக்கும் இடத்தை, பறிக்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். இருநூறு கிலோ கத்தரிக்காயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பதென்று யோசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதியோர் இல்லங்கள், குழந்தைகள் காப்பகங்கள், கோயில் அன்னதானக் கூடங்கள் ஆகியவற்றில் சமையற்காரரிடமே கேளுங்கள். நிர்வாகி எல்லாவற்றுக்கும் சரி என்பார், சமையற்காரர்தான் ‘நாற்பது கிலோவுக்கு மேல் நறுக்க ஆளில்லை’ என்ற உண்மையைச் சொல்வார். அங்கன்வாடிக்கும் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும் மேலதிகாரியின் அநுமதியின்றிக் கொண்டுபோய், அங்கே வேலை செய்கிற பெண்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களுக்கு மட்டும் வேறு முறை வேண்டியிருக்கிறது. அடைமழைக் காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி, பாவு காயாமல், கைத்தறி நின்றுபோகிற வீடுகளில் அடுப்பும் மெல்லத் தணியும். ஆனால் வரிசையில் நின்று வாங்குகிற வழக்கம் அந்தத் தெருவுக்கு இல்லை. போட்டோ எடுக்கிற ஆளையும் பதாகையையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறவன் ஒரு கதவும் திறக்கக் காணமாட்டான். தெருவிலுள்ள ஒரு மூத்த அம்மாளிடம் மூட்டையைச் சேர்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அவர், “எங்க தம்பி காட்டுல காய் நிறைய வந்திருச்சு, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க” என்று தம் வீட்டுத் திண்ணையில் பரப்பிவிடுவார். அந்தத் தம்பி யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வண்டிக்காரருக்குச் சத்தம் கொடுத்துவிடுங்கள். தர்மத்துக்கு ஓட்டுகிறேன் என்று அவர் சொன்னாலும் டீசலுக்காவது கொடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது தடவை அவர் போன் எடுக்கமாட்டார். தோட்டக்காரர் இரவலாகக் கொடுத்த சாக்குகள், கடகங்கள், பிளாஸ்டிக் பெட்டிகள் ஆகியவற்றை அன்று மாலையே உதறி, தக்காளிச் சாறு ஒட்டியவற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணிப் பார்த்து, வாரம் முடிவதற்குள் திருப்பிச் சேர்க்கவேண்டும். சேர்க்கும்போது, எந்த இல்லத்தில் எத்தனை பேர் அவர் தோட்டத்துக் காயைச் சாப்பிட்டார்கள் என்பதை அவர் வீட்டுக்காரம்மாள் காதில் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.